லோன் கால், ப்ளாட் கால், சர்வே கால்: வீட்டுக்கு வர்ற தொல்லை போன்களை நிறுத்த முழுமையான வழிகாட்டி

நம்மள்ல நெறைய பேரு இந்த கால்களுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் வச்சிருக்கோம், கட் பண்ணிட்டு அந்த நம்பர ப்ளாக் போடுறது. அது எறும்ப ஒவ்வொண்ணா நசுக்குற கதைதான், சக்கரை டப்பா தொறந்தே கெடக்கும். நாளைக்கு அதே பொண்ணு, அதே "சார் ஒரு நிமிஷம் பேசலாமா", ஆனா வேற நம்பர். ஒரு சிம்ம நீங்க உங்க போன்ல ப்ளாக் பண்ணா அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அந்த சிம்ல இருந்து இன்னும் ஆயிரம் பேர கூப்பிடலாம். அந்த சிம்மையே சிம் கம்பெனி கட் பண்ற மாதிரி செஞ்சாதான் வலிக்கும், அதுக்கு வழி இருக்கு, காசு செலவு இல்ல, ஆனா முக்காவாசி பேரு அத பயன்படுத்துறதே இல்ல. கீழ சொல்றது எல்லாம் இந்தியாவுல இருக்குற போன் நம்பருக்கு, மொபைலோ வீட்டு லேண்ட்லைனோ ரெண்டுக்கும்.

முதல்ல: கூப்பிடுறது யாருன்னு பிரிச்சுக்கோங்க

எல்லா தொல்லை காலும் ஒண்ணு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. அதனால எடுக்குறதுக்கு முன்னாடியே நம்பர பாருங்க.

140ல ஆரம்பிச்சா அது முறைப்படி பதிவு பண்ண டெலிமார்க்கெட்டிங் கால், விளம்பரம்தான், சந்தேகமே வேணாம். விக்கிறதுக்குன்னே ஒதுக்கின நம்பர் அது. உங்களுக்கு எதுவும் வாங்க வேணாம்னா எடுக்கவே வேணாம், அவசர விஷயம் எதுவும் அதுல வராது.

1600ல ஆரம்பிச்சா பேங்க், இன்சூரன்ஸ், அரசுத் துறை மாதிரி இடங்கள்ல இருந்து சேவை சம்பந்தமா வர்ற கால். உங்க கார்டுல ஏதோ சந்தேகமான பரிவர்த்தனைன்னு பேங்க் கூப்பிட்டா இந்த மாதிரி நம்பர்ல இருந்து கூப்பிடணும்ங்கிறதுக்காகத்தான் இந்த வரிசையவே கொண்டுவந்தாங்க. இத கண்ண மூடிக்கிட்டு ப்ளாக் பண்ணிடாதீங்க.

சாதாரண 10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து வந்து லோன் வேணுமா, செங்கல்பட்டு பக்கத்துல ப்ளாட் இருக்கு சைட் விசிட் ஃப்ரீ கேப் அனுப்புறோம், ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தர்றோம்னு பேசுனா, அது விதிமீறல். தனி நபர் சிம்ம வச்சு விளம்பர கால் பண்ணக் கூடாது, டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2025 பிப்ரவரியில விதிகள திருத்துனப்போ இத அழுத்தமாவே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வர்ற தலவலியில பெரும்பங்கு இந்த ரகம்தான்.

இதுக்கு அப்புறம் சர்வே கால், ஓட்டு யாருக்குன்னு கேக்குறது, அப்புறம் ஏமாத்து கால், அப்புறம் உங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஆளோட கடனுக்கு உங்கள புடுங்குறது. அதுக்கெல்லாம் தனித்தனியா வர்றேன்.

1909: டிஎன்டி போடுறது

டிஎன்டி, அதாவது தொந்தரவு செய்யாதீர் பதிவு, 2007லயே வந்துருச்சு, இப்ப நடைமுறையில இருக்குறது 2018ல வந்த விதிகள். போடுறது ரொம்ப சுலபம். உங்க மொபைல்ல இருந்து 1909க்கு ஒரு மெசேஜ், இங்கிலீஷ் எழுத்துல ஸ்டார்ட்னு டைப் பண்ணி ஒரு இடம் விட்டு 0 போட்டு அனுப்புங்க. 0ன்னா எல்லா வகை விளம்பரமும் வேணாம்னு அர்த்தம். மெசேஜ் சரிப்படலன்னா அதே 1909க்கு கால் பண்ணி வழிகாட்டுற குரல் சொல்றபடி அமுக்கலாம், இல்ல உங்க சிம் கம்பெனியோட ஆப்லயே டிஎன்டின்னு ஒரு இடம் இருக்கும், டிராய் சொந்தமா வச்சிருக்குற டிஎன்டி ஆப்லயும் பண்ணலாம். வீட்டு லேண்ட்லைனுக்கும் இது உண்டு, அந்த லேண்ட்லைன்ல இருந்தே 1909க்கு போன் போட்டு சொல்லுங்க, இது நெறைய பேருக்குத் தெரியவே தெரியாது, அப்பா அம்மா வீட்ல பழைய பிஎஸ்என்எல் போன் இருந்தா அடுத்த தடவ போறப்ப மொதல்ல இத செஞ்சுட்டு வாங்க.

முழுசா மூட வேணாம், சிலது மட்டும் வரட்டும்னு நெனச்சா அதுக்கும் வழி இருக்கு. மொத்தம் எட்டு வகையா பிரிச்சிருக்காங்க: பேங்க் இன்சூரன்ஸ் கிரெடிட் கார்டு ஒண்ணு, ரியல் எஸ்டேட், கல்வி, மருத்துவம், நுகர்பொருளும் வண்டியும், தொலைத்தொடர்பு டிவி ஐடி, சுற்றுலா, கடைசியா உணவு. இதுல வேணுங்கிறத மட்டும் விட்டுட்டு மத்தத மூடலாம், கால் வேணாம் மெசேஜ் மட்டும் போதும்னும் சொல்லலாம், எந்த நாள் எந்த நேரம்னு கூட தேர்ந்தெடுக்கலாம். உண்மைய சொன்னா இவ்வளவு நுணுக்கமா உக்காந்து யாரும் பண்ண மாட்டாங்க, 0 போட்டுட்டு போயிடுறதுதான் நல்லது.

போட்ட உடனே நின்னுடாது, ஒரு வாரம் விடுங்க. நம்பர் ஒரு கம்பெனியில இருந்து இன்னொண்ணுக்கு போர்ட் பண்ணிருந்தாலோ புது சிம் வாங்கிருந்தாலோ டிஎன்டி இருக்கா இல்லையான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. வீட்ல நாலு போன் இருந்தா நாலுலயும் தனித்தனியா போடணும், ஒண்ணுல போட்டா எல்லாருக்கும் ஆகிடாது.

இதுக்கு அப்புறமும் கால் வருதே, டிஎன்டி டுபாக்கூர்னு நெறைய பேரு சொல்றாங்க. பாதி நியாயம். முறைப்படி பதிவு பண்ணவன் அந்த லிஸ்ட்ட பாத்துத்தான் ஆகணும், சாதா சிம்ல கூப்பிடுற ப்ளாட் புரோக்கர் எந்த லிஸ்ட்டையும் பாக்குறது இல்ல. ஆனா டிஎன்டி போடாம விட்டா பதிவு பண்ணவனுக்கும் கதவு தொறந்து விட்ட மாதிரி ஆகிடும், அதனால போட்டுடுங்க, அதோட நின்னுடாதீங்க.

நீங்களே குடுத்த அனுமதி

டிஎன்டி போட்டும் உங்க சொந்த பேங்க்காரன் இன்னும் பர்சனல் லோன் வேணுமான்னு கேக்குறானா? அனேகமா எங்கயோ ஒரு ஃபார்ம்ல டிக் போட்டு ஒப்புதல் குடுத்திருப்பீங்க. அப்படி குடுத்த ஒப்புதல் டிஎன்டிய தாண்டி நிக்கும். அத திருப்பி வாங்கணும்.

பேங்க்குக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, அவங்க ஆப்லயே விளம்பரத் தொடர்பு வேணாம்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதையும் அணைங்க. விளம்பர மெசேஜ்லயே வேணாம்னு சொல்ற வழி குடுத்திருக்கணும்ங்கிறது விதி. ஒரு தடவ வேணாம்னு விலகிட்டா அடுத்த 90 நாளைக்கு திரும்ப ஒப்புதல் கேட்டு வரக் கூடாது. ஏதோ ஒரு பொருள் வாங்குறதுக்காக, ஒரு நடப்பு வேலைய முடிக்கிறதுக்காக குடுத்த ஒப்புதல் 7 நாள் வரைக்கும்தான் செல்லும், அதை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா கூப்பிட முடியாது.

மெசேஜ் விஷயத்துல இப்ப ஒரு வசதி, அனுப்புனவங்க பேருக்குக் கடைசியில ஒரு கோடு போட்டு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். பி இருந்தா விளம்பரம், எஸ் இருந்தா சேவை, டி இருந்தா பரிவர்த்தனை, ஜி இருந்தா அரசு. உங்க கார்டுல காசு போச்சுன்னு ஒரு மெசேஜ் சாதாரண பத்து நம்பர் மொபைல்ல இருந்து வந்தா அது போலின்னு அங்கயே தெரிஞ்சுடும்.

போன எடுத்துட்டீங்க, இப்ப என்ன பேசணும்

கத்த வேணாம். அந்தப் பக்கம் பேசுறது பெரும்பாலும் அம்பத்தூர்லயோ கோயம்புத்தூர்லயோ ஒரு சின்ன ரூம்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டு டார்கெட் முடியலன்னா சம்பளம் புடிப்பாங்கன்னு பயந்துகிட்டு இருக்குற இருபது இருபத்திரண்டு வயசுப் புள்ளைங்கதான், அவங்கள திட்டுனா உங்களுக்கு பிபி ஏறுறது மட்டும்தான் மிச்சம். ஆனா சிரிச்சு மழுப்பவும் வேணாம், "இப்ப பிஸி அப்புறம் பாக்கலாம்"னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. அதை திரும்பக் கூப்பிடச் சொன்னாங்கன்னு குறிச்சுப்பாங்க, நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு வரும். நம்ம மரியாதைக்கு சொல்ற அந்த ஒரு வரியாலதான் பாதி கால் திரும்பி வருது.

கேக்க வேண்டியது மூணே விஷயம். "எந்த கம்பெனிக்காக பேசுறீங்க?" இதுக்கு கால் சென்டர் பேரு சொல்லுவாங்க, விக்கிற கம்பெனி பேரு, ப்ராஜெக்ட் பேரு என்னன்னு கேளுங்க. "என் நம்பர் எங்க கெடச்சுது?" பெரும்பாலும் டேட்டாபேஸ்ல இருந்துச்சு சார்னு இழுப்பாங்க, பரவால்ல. கடைசியா, "எனக்கு வேணாம், நம்பர லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க, டிஎன்டியில இருக்கு, திரும்ப வந்தா 1909ல கம்ப்ளைன்ட் போடுவேன்." அவ்வளவுதான், வச்சிடுங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருந்தா அவங்க ஸ்கிரிப்ட்ல அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க.

எடுத்த உடனே ரெண்டு செகண்ட் சத்தமே இல்லாம இருந்து அப்புறம் "ஹலோ"ன்னா அது மெஷின் டயல் பண்ற கால், ஒரே நேரத்துல பல பேருக்கு அடிச்சு எடுத்தவங்கள ஆளுக்கு இணைக்கும். அந்த அமைதியிலயே கட் பண்ணிடலாம். ரெகார்ட் பண்ண குரல் வந்து வேணாம்னா 2 அமுக்குங்கன்னு சொன்னா எதையும் அமுக்காதீங்க, இந்த நம்பர்ல ஒரு ஆள் இருந்து கேக்குறார்ங்கிறதுதான் அதுல அவங்களுக்குக் கெடைக்குற தகவல்.

என்ன ஆனாலும் பேரு, பொறந்த தேதி, பேங்க் பேரு, வீட்ல எத்தன பேரு, இதெல்லாம் பேச்சுவாக்குல குடுக்காதீங்க. "சார் நீங்க முருகன் சார்தானே"ன்னு கேட்டா ஆமாவும் வேணாம் இல்லையும் வேணாம், நீங்க யாருன்னு திருப்பிக் கேளுங்க.

கம்ப்ளைன்ட் போடுங்க, இதுதான் முக்கியம்

இந்தப் பகுதிய மட்டும் படிச்சாலும் எனக்குப் போதும். 2025 திருத்தத்துக்கு அப்புறம் நெலம நமக்கு சாதகமா மாறியிருக்கு. முன்னாடி கால் வந்து 3 நாளைக்குள்ள புகார் போடணும், இப்ப 7 நாள் டைம் இருக்கு. முன்னாடி பதிவு பண்ணாத ஒரு ஆள் மேல 7 நாள்ல 10 புகார் வந்தாத்தான் நடவடிக்கை, இப்ப 10 நாள்ல 5 புகார் போதும். நடவடிக்கை எடுக்க சிம் கம்பெனிக்கு 30 நாள் இருந்துச்சு, அத 5 நாளா குறைச்சிருக்காங்க. சாதா நம்பர்ல இருந்து வந்த விளம்பர காலுக்கு புகார் போட நீங்க டிஎன்டியில இருக்கணும்னு கூட அவசியம் இல்ல.

அஞ்சு புகார்னா யோசிச்சுப் பாருங்க, ஒரே ப்ளாட் புரோக்கர் ஒரே நாள்ல எத்தன வீட்டுக்கு அடிக்கிறான், அதுல அஞ்சு பேரு சோம்பேறித்தனம் பாக்காம புகார் போட்டா அந்த நம்பர் மாட்டிக்கும். உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல குட் மார்னிங் அனுப்புற நேரத்துக்கு இத பண்ணலாம். விதிமீறல் உறுதியானா மொதத் தடவ அந்த ஆளோட எல்லா இணைப்புலயும் அவுட்கோயிங் 15 நாளைக்கு நிறுத்தம், திரும்பப் பண்ணா எல்லா கம்பெனியிலயும் சேத்து ஒரு வருஷம் இணைப்புத் துண்டிப்பு. சும்மா காகிதத்துல இருக்குற மிரட்டல் இல்ல இது, 2024 ஆகஸ்ட்ல டிராய் உத்தரவு போட்டு செப்டம்பர் ஆரம்பத்துக்குள்ளயே 2.75 லட்சம் இணைப்ப துண்டிச்சாங்க, 50 நிறுவனங்கள கறுப்புப் பட்டியல்ல சேத்தாங்க.

எப்படிப் போடுறது:

1. கால் வந்த அதே நம்பர்ல இருந்துதான் புகார் போகணும். அம்மா போன்ல வந்த காலுக்கு உங்க போன்ல இருந்து போட்டா ஏத்துக்க மாட்டாங்க.

2. 1909க்கு மெசேஜ்: என்ன கால்னு இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்தை (ஹோம் லோன் ஆஃபர்னு போட்டாலே போதும்), ஒரு கமா, கூப்பிட்ட நம்பர், ஒரு கமா, தேதி. தேதி நாள் மாசம் வருஷம்னு அந்த வரிசையில, நடுவுல சாய்வுக்கோடு. மெசேஜா வந்த விளம்பரம்னா அந்த மெசேஜையே காப்பி பண்ணிப் போட்டுடலாம்.

3. மெசேஜ் அடிக்க சள்ளையா இருந்தா டிராய் டிஎன்டி ஆப், அதுல கால் லிஸ்ட்டே வரும், நம்பர தொட்டு அனுப்பலாம். ஐபோன்ல அவ்வளவு வசதியா இருக்காது, அவங்களுக்கு 1909 மெசேஜே நல்லது.

4. லேண்ட்லைனுக்கு வந்த கால்னா அந்த லேண்ட்லைன்ல இருந்து 1909க்கு பேசணும். நம்பர் காட்டுற போன் இல்லாட்டி புகார் போட வழியே இல்ல, அதனால பெரியவங்க வீட்ல நம்பர் தெரியிற போன் ஒண்ணு வாங்கி வைங்க.

5. புகார் எண் ஒண்ணு மெசேஜா வரும். அழிச்சிடாதீங்க.

டிராய்க்கே நேரா புகார் அனுப்பலாமான்னு கேக்குறாங்க, டிராய் தனித்தனி ஆளோட புகார கையாளுறது இல்ல, உங்க சிம் கம்பெனிதான் மொத இடம். கம்பெனி புகார சும்மா மூடிட்டா, என்ன காரணம்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க. பெரும்பாலும் தேதி மாறியிருக்கும், நம்பர்ல ஒரு இலக்கம் விட்டிருக்கும், விவரம் போதலன்னு இருக்கும், அடுத்த கால் வரும்போது சரியா போடுங்க. ஒழுங்கா போட்டும் தட்டிக் கழிச்சா அந்தக் கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரி, அதுக்கும் மேல தொலைத்தொடர்புத் துறையோட பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவு. புகார் எண்கள வச்சிருந்தாத்தான் அங்க பேச்சு எடுபடும்.

இன்னொரு விஷயம், புகார் போட்ட அப்புறம் ப்ளாக் பண்ணுங்க. மொதல்ல ப்ளாக் பண்ணி கால் லிஸ்ட்டையும் அழிச்சுட்டா நம்பர் எங்க போய் தேடுவீங்க.

சர்வே கால்

இது கொஞ்சம் வழுக்குற எடம். டிஎன்டியோட எட்டு வகையில சர்வேன்னு ஒண்ணு கெடையாது. ஒரு பொருளையும் விக்காம வெறுமனே கருத்து மட்டும் கேட்டா அத விளம்பர கால்னு சொல்லி புடிக்கிறது கஷ்டம். ஆனா நம்ம வீட்டுக்கு வர்ற "சர்வே"யில பாதி சர்வேயே இல்ல. மொத மூணு கேள்வி தண்ணி சுத்திகரிப்பு மெஷின் வச்சிருக்கீங்களா, எந்த பிராண்ட், எத்தன வருஷம். நாலாவது கேள்வி எங்க ஆளு வந்து ஃப்ரீயா தண்ணி டெஸ்ட் பண்ணட்டுமா. இது வியாபாரம், தாராளமா 1909ல போடலாம், விவரத்துல சர்வேன்னு எழுதாம என்ன விக்கப் பாத்தாங்களோ அத எழுதுங்க.

உண்மையான ஆராய்ச்சி நிறுவனம் கூப்பிட்டா ஆரம்பத்துலயே நிறுவனம் பேரு, எதப் பத்தி, எவ்வளவு நேரம் ஆகும், விருப்பம் இல்லாட்டி விட்டுடலாம்னு சொல்லுவாங்க. உங்க ஆதார் நம்பரும் பேங்க்கும் அவங்களுக்குத் தேவையே இல்ல. பதில் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், எந்தச் சட்டமும் ஒரு தனியார் சர்வேக்கு பதில் சொல்லச் சொல்லல. வேணாம்னா "திரும்ப தொடர்பு கொள்ள வேணாம்னு குறிச்சுக்கோங்க"ன்னு அந்த வார்த்தையிலயே சொல்லுங்க. எனக்கு நல்ல சர்வே மேல கோவம் இல்ல, நேரம் இருந்தா பதில் சொல்றதுல தப்பும் இல்ல, ஆனா சாதி என்ன, மாச வருமானம் எவ்வளவு, நகை லோன் இருக்கான்னு போன்ல முகம் தெரியாத ஆள்கிட்ட சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல.

தேர்தல் நேரத்துல கேக்கவே வேணாம். "இன்று தேர்தல் நடந்தால் உங்கள் ஓட்டு யாருக்கு"ன்னு ஒரு ரெகார்ட் குரல், இந்தக் கட்சிக்கு 1, அந்தக் கட்சிக்கு 2. உங்க நம்பரும் நீங்க அமுக்குன எண்ணும் ஒண்ணா ஒரு லிஸ்ட்ல போய் உக்காருது, அத யாரு கையில வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது, ரகசிய வாக்குரிமைய நாமளே போன்ல அமுக்கிக் குடுக்க வேணாம், கட் பண்ணிடுங்க. கட்சிக்காரங்க தேர்தல் விளம்பரமா அனுப்புற ரெகார்ட் குரலுக்கும் கூட்டா அனுப்புற மெசேஜுக்கும் தேர்தல் ஆணையத்தோட ஊடகச் சான்றளிப்புக் குழுகிட்ட முன்கூட்டியே சான்று வாங்கணும். தேர்தல் நடத்தை விதி அமல்ல இருக்குற நேரத்துல சந்தேகமா ஏதாவது வந்தா தேர்தல் உதவி எண் 1950க்கு சொல்லலாம், தேர்தல் ஆணையத்தோட சி விஜில் ஆப்லயும் போடலாம்.

அரசு பேர சொல்லிட்டு வர்றது தனி ரகம். மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு ஆளு வீட்டுக்கு வருவாங்க, அடையாள அட்டை காட்டச் சொல்லிக் கேக்கலாம். வாக்காளர் பட்டியல் வேலைக்கு வர்ற பிஎல்ஓவும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஓடிபி கேக்க மாட்டாங்க. கணக்கெடுப்புன்னு போன்ல கூப்பிட்டு "இப்ப ஒரு நம்பர் வரும் சொல்லுங்கம்மா"ன்னா அது கணக்கெடுப்பு இல்ல, திருட்டு.

ஏமாத்து கால்னா 1909 வேணாம், வேற எடம்

விளம்பரமும் மோசடியும் வேற வேற, புகார் போற எடமும் வேற. உங்க நம்பர் இன்னும் ரெண்டு மணி நேரத்துல துண்டிக்கப்படும் 9 அமுக்குங்கன்னு டிராய் பேர்லயே கூப்பிடுவாங்க. டிராய் யாரோட நம்பரையும் துண்டிக்கிறேன்னு போன் பண்றது இல்ல. கரன்ட் பில் கட்டல இன்னிக்கு ராத்திரி ஃப்யூஸ் புடுங்கிடுவோம், பென்ஷன் நிக்கப் போகுது, உங்க பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, வீடியோ கால்ல போலீஸ், டிஜிட்டல் கைதுன்னு வரிசையா வரும். டிஜிட்டல் கைதுன்னு நம்ம நாட்டு சட்டத்துல ஒண்ணுமே கெடையாது. கூரியர் டெலிவரிக்கு நட்சத்திரம் 401 நட்சத்திரம் போட்டு ஒரு நம்பர டயல் பண்ணுங்கன்னு சொன்னா பண்ணிடாதீங்க, அது உங்க கால்கள வேற ஆளுக்குத் திருப்பி விடுற குறியீடு, ஓடிபிய குரல்ல சொல்ற கால் கூட அவனுக்குப் போயிடும்.

காசு இன்னும் போகல, ஆனா மோசடின்னு தெரியுது: தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, இல்லன்னா அதோட ஆப்ல சக்ஷுன்னு ஒரு பகுதி, 2024 மார்ச்ல வந்தது, கால் மெசேஜ் வாட்ஸ்அப் மூணையும் அங்க சொல்லலாம். காசு போயிருச்சு: அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்க, யார்கிட்டயும் ஆலோசனை கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. சீக்கிரம் சொன்னா போன காசு அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குப் பாயுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அதுக்கு அப்புறம் பேங்க், சைபர் க்ரைம் போர்ட்டல்.

சஞ்சார் சாத்தி உள்ள போனீங்கன்னா இன்னொண்ணையும் பாத்துடுங்க, உங்க பேர்ல எத்தன சிம் இருக்குன்னு காட்டும். தெரியாத நம்பர் ஏதாவது இருந்தா என்னோடது இல்லன்னு அங்கயே குறிக்கலாம்.

அடுத்தவன் கடனுக்கு உங்களுக்கு போன்

புது சிம் வாங்குனா நம்பர் புதுசுன்னு நெனைப்போம், பெரும்பாலும் பழைய ஆளு விட்டுட்டுப் போனது, 90 நாள் சும்மா வச்சிருந்துட்டு வேற ஆளுக்குக் குடுப்பாங்க. அவன் பைக் லோன் கட்டாம போயிருந்தா வசூல் ஆளுங்க உங்கள புடிப்பாங்க. இல்ல ஒரு சொந்தக்காரரு உங்க நம்பர ரெஃபரன்ஸா எழுதியிருப்பாரு. இதுக்கு 1909 உதவாது. எந்த பேங்க் எந்த ஃபைனான்ஸ்னு கேட்டு வாங்கி அவங்க குறைதீர்ப்பு மெயிலுக்கு இந்த நம்பர் இப்ப என்னோடது, அந்த ஆளு நான் இல்லன்னு எழுதுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி வசூலுக்கு காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது, கடன் வாங்குனவரோட குடும்பத்தையும் நண்பர்களையும் ரெஃபரன்ஸ் ஆட்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது. மெயில் போட்டு 30 நாள்ல தீரலன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி, விவரம் கேக்க 14448.

போன் செட்டிங்

ஆண்ட்ராய்டுல கூகுள் போன் ஆப் இருந்தா ஸ்பேம் கால் வடிகட்டுற ஆப்ஷன ஆன் பண்ணுங்க. ஐபோன்ல தெரியாத நம்பர்கள சைலன்ட் பண்ற வசதி இருக்கு, ஆனா கேஸ் சிலிண்டர் பையன், லேப், ஸ்கூல் வேன் டிரைவர் எல்லாருமே தெரியாத நம்பர்தான், அதனால அத எப்பவும் ஆன்ல வைக்குறது நம்ம ஊர் வாழ்க்கைக்கு ஒத்து வராது, தூங்குற நேரத்துக்கு மட்டும் வச்சுக்கலாம். வாட்ஸ்அப்ல ப்ரைவசிக்குள்ள கால்ஸ் பகுதியில தெரியாதவங்க கால அமைதியாக்குறது இருக்கு, அத மட்டும் யோசிக்காம ஆன் பண்ணிடுங்க, முன்னப் பின்ன தெரியாத ஆளு வாட்ஸ்அப்ல கூப்பிட்டு நமக்கு நல்லது சொல்லப் போறது இல்ல. யாருன்னு காட்டுற ஆப் போடுறவங்க அது என்னென்ன அனுமதி கேக்குதுன்னு பாத்துக் குடுங்க, மெசேஜ் படிக்குற அனுமதி அதுக்கு எதுக்கு.

நம்பர் எங்க இருந்து ஒழுகுது

துணிக்கடை பில் கவுன்ட்டர்ல "போன் நம்பர் சொல்லுங்க"ன்னா நாமளும் சொல்லிடுறோம், பின்னாடி நிக்கிறவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி. நம்பர் குடுக்காட்டி பில் போட மாட்டேன்னு கடைக்காரர் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே வணிகர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பிருக்கு. "நம்பர் வேணாம் பில் மட்டும் குடுங்க"ன்னு சொல்லுங்க, சிஸ்டம் ஏத்துக்காதுன்னு சொன்னா அது அவங்க சிஸ்டத்தோட பிரச்சனை. மால் வாசல்ல கார் பரிசுன்னு கண்ணாடிப் பெட்டியில போடுற கூப்பன், பொருட்காட்சி ஸ்டால், வீடு வாடகைக்குத் தேடுற தளம், இன்சூரன்ஸ் விலை ஒப்பிடுற தளம், இதுல கடைசி ரெண்டும் ரொம்ப மோசம், ஒரு தடவ நம்பர் போட்டா அடுத்த ஒரு மாசம் காது கிழியும். வெளி வேலைக்குன்னு ஒரு ரெண்டாவது சிம் வச்சுக்கிட்டு அத இந்த மாதிரி இடத்துக்கு மட்டும் குடுக்குறவங்க இருக்காங்க, நல்ல யோசனைதான், ஆனா அத ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பர் போயிட்டா வேற ஆளு கைக்குப் போகும், அதனால பேங்க்குக்கு அந்த நம்பர குடுக்காதீங்க.

வீட்ல பெரியவங்க இருந்தா

பகல்ல வீட்ல போன எடுக்குறது அவங்கதான், அவங்களுக்கு கட் பண்றதே மரியாதைக் குறைவா தோணும், "பாவம் புள்ள பேசுது"ன்னு பத்து நிமிஷம் கேப்பாங்க. அறிவுரை சொன்னா ஏறாது, ஒரு வரி மட்டும் பழக்கி விடுங்க: "என் பையன்கிட்ட கேட்டுத்தான் சொல்லுவேன்ப்பா, வைக்கிறேன்." இதுல அவங்களுக்கு மரியாதை போகல, வேலையும் முடிஞ்சுது. பையன் நம்பர் குடுங்கன்னு கேட்டா குடுக்கக் கூடாதுங்கிறதையும் சேத்து சொல்லிடுங்க, அங்கதான் மாட்டிக்குவாங்க.

போன் பக்கத்துல ஒரு அட்டையில பெரிய எழுத்துல 1930, 1909, உங்க நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் எழுதி ஒட்டுங்க. ஓடிபி யாருக்கும் இல்லன்னு தமிழ்லயே எழுதுங்க. அவங்க மொபைல்ல தெரிஞ்சவங்க பேரு எல்லாம் போட்டோவோட சேவ் பண்ணி வச்சுட்டா போட்டோ இல்லாத கால் வந்தா யோசிப்பாங்க. வாரத்துல ஒரு நாள் போய் உக்காந்து அவங்க கால் லிஸ்ட்ட பாத்து அதுல இருக்குற தொல்லை நம்பர்கள அவங்க போன்ல இருந்தே 1909க்கு அனுப்பிடலாம், 7 நாள் கெடுங்கிறதால வாரம் ஒரு தடவ பாத்தா எதுவும் தவறாது.